எந்தக் கை

பாலத்துக்கு அந்தப் பக்கம் மூடுபனிதான் நிற்கிறது, மகள் வரும் கப்பலைக் காணோம், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. தூக்குவாளியைத் துண்டால் சுற்றி, துண்டுக்கு மேல் இவருடைய கம்பளிச் சட்டையைச் சுற்றிப் பையின் அடியில் வைத்திருக்கிறேன், இருந்தும் கையை விட்டுத் தொடும் ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சூடு குறைந்துதான் இருக்கிறது. சூடு காக்கும் டப்பாவின் மூடி இன்றைக்கென்று பார்த்து இறுகி மூட மறுத்துவிட்டது. பருப்புச் சோறு ஆறினால் நெய் உறைந்துவிடும், கத்திரிக்காய்ப் பொரியல் சுருங்கிவிடும், இசக்கி ஆறின சோற்றைத் தொட மாட்டாள். சின்னப் பிள்ளையிலேயே தட்டில் ஆவி பறந்தால்தான் உட்காருவாள், விரலைச் சுட்டுக்கொண்டு ஊதி ஊதித் தின்பாள், ஆறட்டும்டி என்றால் முறைப்பாள். அதை நினைக்கும்போது அந்த விரல்கள் வந்துவிடுகின்றன, வலது கை விரல்கள், நுனியில் பருப்பு ஒட்டியிருக்கும். அங்கே போகாதே என்று மனசிடம் சொல்கிறேன். அது கேட்பதில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் இருக்கிறது. காலையில் அதை வைத்தேன், எடுத்தேன், கதவைப் பூட்டின பிறகு திறந்து மறுபடி வைத்தேன். வைத்தால் அதை நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வைக்காவிட்டால் பிள்ளை இத்தனை மாதம் கழித்து வந்து, கையில்லாமல், கை முடியாமல், சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா. கடைசியில் காகிதத்தில் சுற்றி அடியில் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் வைக்காத மாதிரியும்தானே.

அந்தப் போட்டோதான். டிவியில் சண்டை நடக்கும் கடலையும் கடலுக்கு மேல் ஒரு புகையையும் காட்டினார்கள், கப்பல் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாள்கணக்காகப் போனும் இல்லை, மெசேஜும் இல்லை. சண்டை நடக்கும்போது கப்பலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்களாம், யாருக்கும் எதுவும் அனுப்ப முடியாதாம். பிறகு ஒரு சாயங்காலம் ஒற்றைப் போட்டோ வந்தது, கூடவே, நான் நல்லா இருக்கேன்மா. கப்பல் சாப்பாட்டு அறை. மேசையில் தட்டு. இசக்கி சிரிக்கிறாள், இடது கையில் முள்கரண்டி, வலது கை மேசைக்கு அடியில். நான் முதலில் முகத்தைப் பார்த்தேன், அழுதேன், பூஜை அலமாரிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அந்த இடது கை நினைவுக்கு வந்தது. இடது கையால் சாப்பிடுகிற பிள்ளை இல்லையே என் பிள்ளை. இடது கையால் பிஸ்கெட் எடுத்தால்கூட நான் தட்டிவிட்டு வளர்த்தேனே. போனைச் சாய்த்து வைத்துச் செல்பி எடுத்தால் சில போனில் இடம் வலம் மாறி வரும் என்று நான் வேலை பார்க்கும் தையல் கடையில் மிலா அக்கா சொன்னாள், ஒரு நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு மச்சம். இசக்கிக்கு வலது கண்ணுக்குக் கீழே மச்சம், போட்டோவில் அது இருக்க வேண்டிய பக்கத்திலேயேதான் இருந்தது, அப்படியென்றால் படம் மாறி வரவில்லை. அந்த மச்சத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ. அதற்குப் பிறகு பேசினாள், குரல் மட்டும். வீடியோ போடு பாப்பா என்றால், கப்பல்ல நெட் இல்லம்மா. கை எப்படி இருக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அதனால், சாப்பிட்டியா என்றேன். சாப்பிட்டேம்மா. என்ன சாப்பிட்ட. சிக்கன். நல்லா சாப்பிடு. எந்தக் கையால் என்று கேட்கவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. இவருக்கு ரத்தக்கொதிப்பு, சொன்னால் ஓட்டல் அடுப்பு முன்னால் நிற்கும் மனுஷன் எங்கேயாவது விழுந்து வைப்பார்.

துறை முழுக்க ஆட்கள். பிள்ளைகள் அட்டையில் அப்பா பெயரை எழுதிப் பிடித்திருக்கிறார்கள், பலூன் கட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொள்கிறாள், கப்பல் போனபோது அவள் வயிற்றில் இருந்த குழந்தையாம். இந்தத் துறையின் இரண்டு பக்கமும் கப்பல் நின்று நான் பார்த்திருக்கிறேன், சாம்பல் சுவர்களுக்கு நடுவில் நடப்பது போல இருக்கும். சண்டை ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டது, இப்போது தண்ணீர்தான், அதில் ஒரு கடல் சிங்கம் குரைத்துக்கொண்டு போகிறது. பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் சண்டை என்றால் சத்தம் மேலே இருந்துதான் வரும், எதிர்த் தீவில் இருந்து ஹெலிகாப்டர்கள் வரிசையாகக் கிளம்பி எங்கள் மாடி மேல் போகும், கொடியில் காயும் துணி ஆடும். வடக்கே கடற்கரையில் மரைன் படைப் பையன்கள் படகோடு கரையேறிப் பழகுவது ரயிலில் போனால் தெரியும், மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வருவார்கள், தூரத்தில் பார்த்தால் விளையாட்டு மாதிரியே இருக்கும். எனக்கு அதெல்லாம் துணியாகத்தான் வரும். கடற்படை வாசலுக்கு எதிரே மிலா அக்கா கடையில் மெஷின் மிதிக்கிறேன், எட்டாவதோடு நின்றவளுக்கு அந்த ஊசிதான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது. திடீரென்று ஒரு வாரம் பையன்கள் கூட்டமாக வந்து பெயர்ப்பட்டி தை, கால்சட்டை குறை, நாளைக்கே வேணும் என்று நிற்பார்கள், அப்படியென்றால் ஒரு கப்பல் போகப்போகிறது. மீசை அரும்பாத முகம், கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் கூச்சத்தோடு நிற்கும். அவன் அம்மாவுக்கு என்ன பெயரோ என்று நினைத்துக்கொண்டு இரட்டைத் தையல் போடுவேன், கடலில் பிரிந்துவிடக் கூடாதே. மிலா அக்கா பிலிப்பைன்ஸ்காரி, புருஷன் முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர், அவளுக்கு இந்த வழக்கமெல்லாம் மனப்பாடம். பேச்சோடு பேச்சாக அவள்தான் சொன்னாள். கப்பலை விட்டு இறங்குகிற யாராக இருந்தாலும் இறங்கு பாலத்துத் தலையில் நின்று பின்பக்கக் கொடியைப் பார்த்துச் சலாம் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வலது கையால். கையில் பை இருந்தால் முன்கூட்டியே இடது கைக்கு மாற்றிக்கொள்வார்கள். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டே, வலது கை முடியாதவங்க, என்று கேட்டேன். அவங்க இடது கையால வைக்கலாம், கப்பல்காரங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு, ஏன் கேக்கற. சும்மாதான். நூல் அறுந்தது. அன்றையிலிருந்து நான் காத்திருப்பது கப்பலுக்கு இல்லை, அந்தச் சலாமுக்கு.

இவர் எனக்குப் பக்கத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நிற்கிறார். வரும் வழியில் காரை நிறுத்தி வாங்கினார், பிள்ளையைப் பார்க்கப் போகிற வழியில் கடலை கேட்கிறதா என்று எனக்கு எரிச்சல். வாசலில் என்னை இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போய்விட்டார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காவல்காரப் பையன், யாரைப் பார்க்க வந்தீங்க மேடம், பெயர் சொல்லுங்க, என்றான். இசக்கி என்றேன். கடைசிப் பெயர், என்றான். கடைசிப் பெயர் இவர் பெயர். கல்யாணம் ஆன நாளில் இருந்து என் வாயால் சொல்லாத பெயர், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பக்கத்தில் இருக்கிறவரைச் சொல்லச் சொல்வேன், அதைப் போய் இவ்வளவு பெரிய துப்பாக்கியோடு நிற்கிறவனிடம். பையில் ஒரு பெயர்ப்பட்டி வைத்திருந்தேன், இசக்கிக்குத் தைத்ததில் மிஞ்சினது, எடுத்து நீட்டினேன். அவன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தான். ஐ-யம்-பெ-ரு-மல். சட்டையில் இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கித் தைத்த பெயர். அவன் நாக்கில் அது படுகிற பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான், போங்க மேடம், என்றான். கப்பலில் எல்லாரும் அவளை இவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். இவருக்கு அதில் ஒரு பெருமை, வெளியே காட்ட மாட்டார். இவர் ஓட்டலில் தந்தூரி அடுப்பில் நிற்கிறவர், முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் சூட்டுத் தழும்பு. கடற்படையில் சேர்ந்து சமையல் பிரிவு எடுத்திருக்கேன்பா என்று அவள் வந்து சொன்ன அன்றைக்கு, நான் அடுப்படியில வெந்தது போதாதுன்னு நீ தண்ணி மேல போய் வேகப் போறியாக்கும், என்று சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். சமையல்தானே, துப்பாக்கி இல்லையே என்று நான்தான் சமாதானம் சொன்னேன். சமையல்கட்டுக்கும் மற்ற இடத்துக்கும் புகைக்கு வித்தியாசம் தெரியுமா. தெரியாது. அப்போது அதை நினைக்கவில்லை.

கைக்குழந்தைக்காரி அதோ என்கிறாள். பாலத்தின் தூண்களுக்கு நடுவில் மூடுபனி கொஞ்சம் கறுக்கிறது, அந்தக் கறுப்பு நகர்கிறது, அதற்கு ஒரு மூக்கு வருகிறது. கூட்டத்தில் இருந்து எழும் சத்தத்தைக் கேட்டு மீன்கொத்த வந்த கூழைக்கடா ஒன்று பயந்து எழும்பிப் போகிறது. இரண்டு இழுவைப் படகுகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டு வருகின்றன, பெரிய எருமையைக் குளிப்பாட்டக் கூட்டிப்போகும் பிள்ளைகள் மாதிரி. எவ்வளவு மெதுவாக வருகிறது. போனபோது இதே கப்பல் எவ்வளவு வேகமாகப் போனது, நான் கண்ணைத் துடைப்பதற்குள் பாலத்தைத் தாண்டிவிட்டது. ஓரம் முழுக்க வெள்ளைச் சட்டை, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக அசையாமல் நிற்கிறார்கள், எல்லாத் தலையிலும் ஒரே தொப்பி. எல்லாரும் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். கடவுளே, பின்னால் கட்டியிருக்கிறார்கள். யாருக்கு என்ன கை இருக்கிறது என்று எப்படித் தெரியும். நான் அந்த வெள்ளை வரிசையை ஒரு முனையில் இருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன், நடுவில் விட்டுவிடுகிறேன், மறுபடி முதலில் இருந்து. பட்டாணி உரிக்கும்போது எண்ணிக்கை தவறுவது போல. நேற்று என் அக்காவுக்குக் கோவில்பட்டிக்குப் போன் போட்டு, செண்பகவல்லி அம்மன் சந்நிதியில ஒரு விளக்குப் போடு, எதுக்குன்னு கேக்காத, என்றேன். கப்பல் வரும் நாளை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு. அவள் கேட்காமல் இருப்பாளா. ஏ செம்பகம், இசக்கிக்குக் கல்யாணமாட்டி, என்றாள். ஆமா என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கல்யாணம். ஒரு கை இல்லாவிட்டால் என்ன, என் பிள்ளையை யார் வேண்டாம் என்பான். சீ. எங்கே போகிறது பார் புத்தி. உயிரோடு நிற்கிறாள் அந்த வரிசையில், அது போதாதா. போதும். போதும்தான். ஆனாலும் அந்தக் கை நான் பெற்ற கை. பிறந்த அன்றைக்கு என் விரலை அதுதான் பிடித்தது.

கப்பலில் இருந்து மெல்லிய கயிறுகளை வீசுகிறார்கள், கரையில் நிற்கிறவர்கள் பிடித்து இழுக்க அதன் வாலில் தொடை பருமன் வடம் வருகிறது. ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள். நான் பைக்குள் கையை விட்டு வாளியைத் தொடுகிறேன். சூடே இல்லை. சோறு ஆறிப்போச்சுங்க, என்கிறேன், குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்கிறது. இவர் கப்பலையே பார்த்துக்கொண்டு, ஸ்பூன் வச்சிருக்கியா, என்றார். எதுக்கு, என்றேன். அப்போதுதான் பார்த்தேன், கடலைப் பொட்டலம் பிரிக்கவே இல்லை. இறுகப் பிடித்துப் பிடித்து வியர்வையில் நைந்துபோயிருக்கிறது. செம்பகம், நீ வலது கையைத்தான பாக்கப் போற, என்றார். உங்களுக்கு யாரு சொன்னா, என்றேன். யாரு சொல்லணும். ஒருத்தன் கரண்டியை எந்தக் கையில பிடிக்கான்னு பாத்துப் பாத்துத்தான் நான் ஆளுக்கு வேலை குடுக்கேன், எம்பிள்ளை பிடிச்சது தெரியாதா. போட்டோ வந்த அன்னிக்கே பாத்தேன். அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல, என்றேன். நீ சாப்பிடாம கெடப்ப. நீங்க அடுப்புல விழுந்திருவீங்கன்னு நான் சொல்லல. நல்ல ஆளுங்க ரெண்டு பேரும், என்று இவர் மூக்கை உறிஞ்சினார். இத்தனை வாரமாக ஒரே படுக்கையில் இரண்டு பக்கமும் திரும்பிப் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் அதே கையை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். கோபம் வர வேண்டும். வரவில்லை. நெஞ்சில் இருந்த பாறாங்கல்லின் ஒரு முனையை யாரோ தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. நானே என் தோளை இவர் தோளில் சாய்த்தேன், ஊர்ப்பட்ட ஜனத்துக்கு முன்னால், இந்த வயதில். இவர் நகரவில்லை.

இறங்கு பாலத்தைத் தூக்கி வைத்தார்கள். புதிதாக அப்பா ஆனவர்கள் முதலில் இறங்குவது இங்கே வழக்கம். நெட்டையான பையன் ஒருவன் பாலத்துத் தலையில் நின்று வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான், அடுத்த நிமிஷம் ஓடி வந்தான், கைக்குழந்தைக்காரி குழந்தையை நீட்டினாள், அவன் வாங்கத் தெரியாமல் வாங்கினான், குழந்தை அலறியது. பிறகு வரிசை. வலது. வலது. வலது. நான் முகங்களையே பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்க்கிறேன். ஒரு பையன் கழுத்தில் தூளி கட்டி வலது கையை அதில் போட்டிருக்கிறான், அவன் நின்று இடது கையால் சலாம் வைத்தான், கூட்டத்தில் எங்கோ அவன் அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், அவன் இடது கையை அப்படியே ஆட்டினான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சிரிக்கிறானே. இப்போது கீழே அவனைக் கட்டிக்கொண்டுதானே நிற்கிறாள் அந்த அம்மா. அவளால் முடிந்தால் என்னாலும் முடியும், ஸ்பூன் இருக்கிறது, ஊட்டிவிட நான் இருக்கிறேன், முடியும், என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவன் நின்ற இடத்தில் இசக்கி நிற்கிறாள். ஒல்லியாகிவிட்டாள். தொப்பிக்குக் கீழே கழுத்து எலும்பு தெரிகிறது. அவளுடைய பெரிய பை, பை எந்தக் கையில், இவர் என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்குகிறார், பை வலது தோளில், வலது கை அதன் வாரைப் பிடித்திருக்கிறது. கை இருக்கிறது. அவள் நிற்கிறாள், பையை மெதுவாக, மற்றவர்களைவிட மெதுவாக, இடது தோளுக்கு மாற்றுகிறாள். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருக்கிறார்கள். கொடியைப் பார்த்துத் திரும்புகிறாள். வலது கை எழும்புகிறது, பாதியில் ஒரு நொடி நிற்கிறது, பிறகு நெற்றிக்குப் போய்த் தொப்பி ஓரத்தைத் தொடுகிறது. ஐயம்பெருமாள், என்று என் வாய் சொல்லிவிட்டது. சத்தமாக. இவர் திடுக்கிட்டுத் திரும்பினார், யாரக் கூப்பிட்ட. பிள்ளையத்தான், என்றேன். இங்க எல்லாரும் அவள அப்படித்தான கூப்பிடுதாங்க.

கிட்டே வந்ததும் நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, கையைத்தான் பிடித்தேன். பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை ஓரத்தில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் புதுத் தோல், கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி இளஞ்சிவப்பு, சுண்டுவிரலும் அடுத்த விரலும் கொஞ்சம் விறைப்பு. அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நீராவிம்மா. பெரிய அண்டா. கப்பல் திடீர்னு திரும்புச்சு, மூடி வழுக்கிருச்சு. டிவியில காட்டின புகையா, என்றேன். புகை எல்லாம் வேற பக்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆகல, சூப்புதான் கொட்டிருச்சு. ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. சொன்னா நீ தூங்க மாட்டியேம்மா. தூங்கினேனாக்கும், என்றேன். இவர் சட்டைக் கையை மடித்துத் தன் முன்கையை அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். பழைய தழும்புகளும் புதியதும் பக்கம் பக்கமாக. ஒண்ணே ஒண்ணுதானா, என்றார். இப்பத்தானப்பா ஆரம்பிச்சிருக்கேன், என்றாள். இவர் கடலைப் பொட்டலத்தை அவள் சட்டைப் பையில் திணித்துவிட்டு, கார் எங்கே நிற்கிறது என்று தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பசிக்குதும்மா, என்ன கொண்டுவந்த. வடம் கட்டுகிற இரும்புக் குத்துக்கல் ஒன்று காலியாக இருந்தது, அதில் அவளை உட்காரவைத்து, வாளியைச் சுற்றியிருந்த சட்டையை அவிழ்த்து, துண்டை அவிழ்த்து, மூடியைத் திறந்தேன். நெய் உறைந்துதான் இருந்தது. வீட்டில் போய்ச் சூடு பண்ணித் தருகிறேன், இதைத் தொடாதே, கொஞ்சம் பொறு, என்று நான் மூடப் போனேன். அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேண்டாம்மா, சூடு இன்னும் இந்தத் தோலுக்குத் தாங்கல. அதான் கப்பல்ல முள்கரண்டியும் இடது கையுமா ஓட்டினேன். இது ஆறியிருக்கு. இதுதான் சரி. வலது கையைச் சோற்றில் வைத்தாள். விறைத்த இரண்டு விரலும் மற்ற மூன்றும் பருப்போடு சேர்ந்து மடங்கின. காலையில் இருந்து எதற்காகப் பொத்திப் பொத்தி வைத்தேனோ அது ஆறியே போனதில் எனக்கு வந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்ல முடியாது. அவள் உருட்டி வாயில் போட்டாள், உப்பு கம்மி, என்றாள். ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேல் போனது. நான் மேலே பார்க்கவில்லை. அவள் இரண்டாவது உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தாள்.